லேபிளில் இல்லாத வரி

தோத்தாத்ரிக்குக் குளியலறையைத் தன் கையால் கழுவினால்தான் திருப்தி. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. இரும்புலியூரில் மகன் பிரணவ் வாங்கியிருந்த ஃபிளாட்டுக்கு போர் தண்ணீர்தான் வரும். குழாயடி, சுவரோரம், தரையின் சரிவு என்று ஈரம் நிற்கிற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு ஏறிவிடும். வேலைக்கு வருகிற பெண் தேய்த்தது போதாது என்று சனிக்கிழமை தோறும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கிவிடுவார். மருமகள் ரோஹிணி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "இதுல என்ன கௌரவம் கெட்டுப்போறது?" என்று கேட்டுவிட்டு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் போனார். முதலில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, தண்ணீர் தெளித்து ஊறவிட்டார். தேய்த்தார். குழாய்க்கு அடியில் இருந்த கறை அசையவில்லை. அலமாரியில் 'இலைத்துளி' பாட்டில் இருந்தது. அவருடைய மகள் சின்மயி கீழ்க்கட்டளையில் தன் வீட்டிலேயே தயாரித்து விற்கிற குளியலறைத் திரவம். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், வெல்லம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்வது. அதைத் திறந்து, பிளீச்சிங் பவுடரின் மேலேயே பாதி பாட்டிலைக் கவிழ்த்தார். நெடி சமையலறைக்குப் போகக் கூடாது என்று கதவையும் சாத்திக்கொண்டார். வென்டிலேட்டரைப் புறாத் தொல்லைக்காக எப்போதோ அட்டை வைத்து அடைத்தாகிவிட்டது.

ரோஹிணி அடுப்பில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். முதலில் இருமல் கேட்டது. அவருக்கு எப்போதும் வருகிற இருமல்தான் என்று நினைத்தாள். பிறகு வாளி உருண்டது. அதற்கப்புறம் இருமல் கூட வரவில்லை. மூச்சை இழுக்க முடியாமல் இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

கதவைத் தள்ளித் திறந்ததும் கண் எரிந்தது. தொண்டைக்குள் யாரோ மிளகாய்ப்பொடியை ஊதியதுபோல் இருந்தது. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து பால்கனியில் உட்கார வைத்தாள். பிரணவைக் கூப்பிட்டுப் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஜி.எஸ்.டி. ரோடை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போனார்கள். டியூட்டியில் இருந்தவர் டாக்டர் ஜெபசீலன். இளைஞர்தான், ஆனால் பதற்றமில்லாதவர். நெபுலைசர் வைக்கச் சொல்லிவிட்டு, பெரியவரின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார் யூஸ் பண்ணீங்க?"

"பிளீச்சிங் பவுடர்" என்றார் தோத்தாத்ரி, முகமூடியை விலக்கி.

"அது மட்டும்தானா? வேற ஏதாவது கலந்தீங்களா?"

"இல்லை. பிளீச்சிங் மட்டும்தான்."

"அப்ப பிரச்சினை இல்லை. கொஞ்ச நேரம் பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று டாக்டர் எழுந்தார்.

ரோஹிணிக்கு ஒன்றும் புரியவில்லை. குளியலறைத் தரையில் இலைத்துளி பாட்டில் மூடியில்லாமல் சாய்ந்து கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவர் மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மறதியில்லை என்று தெரிந்தது. அவர் பார்வை, பேசாதே என்றது.

"டாக்டர், அது மட்டுமில்லை" என்றாள். "நேச்சுரல் கிளீனர்னு ஒண்ணு இருக்கு. ஆரஞ்சு, எலுமிச்சையில பண்றது. அதையும் மேல ஊத்தியிருக்கார்."

டாக்டர் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். எலுமிச்சையில் இருப்பதும் அமிலம்தான், பிளீச்சிங் பவுடரில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் சில மணி நேரம் கழித்துக்கூட வீங்கிக்கொள்ளும் என்று நிதானமாக விளக்கினார். "நல்ல வேளை சொன்னீங்க மேடம். இவரை இன்னைக்கு அனுப்ப முடியாது."

சாயங்காலம் தோத்தாத்ரிக்கு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. உதடு லேசாக நீலம் பாய்ந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரோஹிணி நினைத்துப் பார்த்தாள். மூச்சு சற்று அடங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சின்னுவோட பாட்டிலை எதுக்கும்மா இழுத்தே?" என்பதுதான்.

"உங்க உயிரைவிட அவ பாட்டில் பெருசாப்பா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "பிளீச்சிங் பாக்கெட்ல ஆசிட்டோட கலக்கப்படாதுன்னு போட்டிருந்தது. படிச்சேன். கண்ணாடி போட்டுண்டு படிச்சேன். இது ஆசிட் இல்லையேம்மா. கெமிக்கலே இல்லைன்னு போட்டிருக்கே. நம்ம சின்னு பண்ணினதாச்சே."

ரோஹிணிக்கு அந்த இடத்தில்தான் கோபம் பிடித்தது. கவனமில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எச்சரிக்கையைத் தேடிப் படித்தவர். படித்துவிட்டு, அதன்படி நடந்தவர். இரண்டு பொருளில் ஒன்று தன்னைப் பற்றி உண்மை சொன்னது, இன்னொன்று சொல்லவில்லை.

வீட்டுக்கு மாற்றுத் துணி எடுக்கப் போனவள், அந்த பாட்டிலை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். குரோம்பேட்டையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக் கிளையில் கிளெய்ம் பிரிவில் வேலை அவளுக்கு. பொடி எழுத்தைத் தேடிப் பிடித்துப் படிப்பதே பிழைப்பு. இங்கே பொடி எழுத்தே இல்லை. முன்பக்கம் ஒரு பச்சை இலை. 'நூறு சதவீதம் இயற்கை. கெமிக்கல் இல்லை. குழந்தை தவழும் வீட்டுக்கும் பாதுகாப்பானது.' பின்பக்கம் சின்மயி தன் சமையலறையில் இதைத் தொடங்கிய கதை. 'அன்புடன் சின்மயி' என்று அவள் கையெழுத்திலேயே அச்சடித்திருந்தது. எதனுடன் சேர்க்கக் கூடாது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, ஒரு வரி கிடையாது. பதினைந்து ரூபாய் பிளீச்சிங் பாக்கெட்டில் இருந்த மரியாதை இதில் இல்லை. இதே பாட்டிலை ஆபீசில் நாலு பேருக்கு, நம்ம வீட்டுப் பெண் செய்தது என்று பெருமையாகக் கொடுத்தவளும் அவள்தான்.

சின்மயி ஆஸ்பத்திரிக்கு மாதுளம்பழமும் சாத்துக்குடியுமாக வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அழுதாள். அழுகை உண்மையானதுதான். தாயில்லாமல் அப்பா கையில் வளர்ந்த பெண். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்குப்பா பிளீச்சிங்கைத் தொட்டேள்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அந்த விஷத்தை ஆத்துலேயே வெச்சுக்காதீங்கோன்னு" என்றாள்.

"ரெண்டும் சேர்ந்ததுதான் பிரச்சினை, சின்மயி" என்றாள் ரோஹிணி. "டாக்டரைக் கேட்டுப் பாரு."

"கேட்டேன் மன்னி. பிளீச்சிங் இல்லைன்னா ஒண்ணுமே ஆகியிருக்காது இல்லையா?"

"உன்னோடது இல்லைன்னாலும் ஆகியிருக்காது."

பிரணவ் நடுவில் புகுந்தான். "இப்ப இதெல்லாம் வேணுமா ரோஹிணி? அப்பா ரெஸ்ட் எடுக்கட்டும்." சின்மயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆக்சிஜன் முகமூடியோடு கண் மூடிக் கிடந்த அப்பாவை மொபைலில் ஒரு படம் எடுத்தாள். சொந்தக்காரர்களுக்கு அனுப்பத்தான் என்று ரோஹிணி நினைத்தாள்.

தோத்தாத்ரியை வீட்டுக்கு அழைத்து வந்தபின் அவள் வேலைக்குப் போன முதல் நாள். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், பக்கத்து சீட் கனகவல்லி தன் மொபைலைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். "ரோஹிணி, இது உங்க மாமனார்தானே?"

திரையில் முகமூடியோடு அவர் முகம். பின்னால் மெல்லிய வீணை இசை. பிறகு சின்மயி, காட்டன் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு, கண் கலங்கியபடி பேசினாள். "இவர் என் அப்பா. கெமிக்கல் கிளீனர் என் அப்பாவை எங்ககிட்டேருந்து பறிச்சிருக்கும். கடவுள் காப்பாத்தினார். உங்க அப்பா அம்மாவுக்கு இப்படி நடக்கறதுக்கு முன்னாடி, இன்னைக்கே அந்த பாட்டில்களைத் தூக்கிப் போடுங்க. இயற்கைக்கு மாறுங்க." அடியில் இலைத்துளி வாங்குகிற இணைப்பு.

கீழே நூற்றுக்கணக்கில் பின்னூட்டங்கள். 'அப்பா சீக்கிரம் குணமாகணும் சகோதரி.' 'இப்பவே ஆர்டர் போட்டாச்சு.' 'எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு, மாறிட்டோம்.'

ரோஹிணி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அங்கேயே உட்கார்ந்து அந்தப் பதிவின் கீழ் எழுதினாள்: 'நான் இவருடைய மருமகள். பிளீச்சிங் பவுடரும் இலைத்துளியும் சேர்ந்ததால்தான் இது நடந்தது. தயவுசெய்து இரண்டையும் சேர்க்காதீர்கள்.' டப்பாவைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அவள் எழுதியது அங்கே இல்லை. மறுபடி எழுதப் பார்த்தாள். முடியவில்லை. சின்மயி அவளை பிளாக் செய்துவிட்டாள்.

மேனேஜரிடம் சொல்லிக்கொண்டு அப்போதே கிளம்பினாள். பல்லாவரம் வரை ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். கீழ்க்கட்டளையில் சின்மயி வீட்டு வாசலுக்குப் போனபோது யோசித்ததெல்லாம் மறந்துவிட்டது.

கார் நிறுத்துகிற இடத்தைத்தான் தயாரிப்பு இடமாக்கியிருந்தார்கள். வரிசையாக நீல டிரம்கள். புளித்த பழவாடையும் எலுமிச்சைப்புல் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. மூலையில் பிளாஸ்டிக் மூட்டைகள். ஒன்று பிரிந்திருந்தது. உள்ளே சர்க்கரைபோல் வெள்ளைப் பொடி. பம்மலிலிருந்து வேலைக்கு வருகிற ஜான்சி, ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து புனல் வைத்து பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். ரோஹிணியைக் கண்டதும் எழுந்தாள்.

"வாங்கக்கா. சின்மயிக்கா மேல கீறாங்க. போன்ல பேசிகினு கீறாங்க."

ரோஹிணியின் கண் அவள் கைமேல் போனது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரலிடுக்கில் வெடிப்பு. ஒரு வெடிப்பில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்ன ஜான்சி இது கை?"

"இதுவா? எரியும்க்கா. இந்த டாய்லெட் ஐட்டம் ரொப்புற அன்னிக்கு ஜாஸ்தி எரியும். நைட்டு சோறு பெசஞ்சா உயிர் போவும். ஸ்பூன்லதான் துன்றேன்."

"கிளவுஸ் போட்டுக்கக் கூடாதா?"

"போட்டுகினுதான் இருந்தேன். வீடியோ எடுக்கறப்போ கழட்டிடுன்னாங்க. நேச்சுரலுன்னு சொல்லிட்டு கிளவுஸ் போட்டா ஜனங்க இன்னா நெனப்பாங்கன்னு. இப்போ தெனம் எதுனா வீடியோ எடுக்கறாங்களா, போட்றதே வுட்டுட்டேன். மூட்டை பிரிச்சு கலக்கறது மட்டும் அவங்களே வந்து கலப்பாங்க. அப்போ போட்டுப்பாங்க."

அவள் பார்வை போன பக்கம் ரோஹிணியும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை தொங்கியது. பக்கத்தில் கண்ணை மூடுகிற கண்ணாடி.

அதுவரை ரோஹிணி ஒன்றை நம்பியிருந்தாள். சின்மயிக்குத் தெரியாது, இயற்கை என்றால் நல்லது என்று அந்தப் பெண்ணும் மனதார நம்பிவிட்டாள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று. அந்தக் கையுறையைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. தெரிந்திருக்கிறது. தன் கை எரியும் என்று தெரிந்திருக்கிறது. அடுத்தவர் கைக்குத்தான் அது இயற்கை.

சின்மயி படியிறங்கி வந்தாள். "மன்னி, என்ன திடீர்னு? அப்பா எப்படி இருக்கார்?"

"உன் வீடியோல இருக்கறதைவிடக் கொஞ்சம் தேவலை."

சின்மயியின் முகம் மாறியது. "மன்னி, அதுல பொய் ஒண்ணும் சொல்லலை. பிளீச்சிங் கெமிக்கல்தானே?"

"இந்த மூட்டையில இருக்கறது என்ன?"

"எலுமிச்சை உப்பு. எலுமிச்சம்பழத்துல இருக்கறதுதான். ஊறுகாய்லகூட போடுவா."

"ஊறுகாய்ல சிட்டிகை போடுவா சின்மயி. மூட்டையைக் கொட்டிட்டு இயற்கைன்னா ஆயிடுமா? சிட்ரிக் ஆசிட்னு மூட்டை மேலயே எழுதியிருக்கு. அதுல எழுதினவனுக்கு இருக்கற நேர்மை உனக்கு இல்லையா?"

"வெறும் தோலை ஊறவெச்ச தண்ணியில இந்த ஊர் உப்புக்கறை போகாது மன்னி. ஜனங்க கறை போகலைன்னு திட்டினா. அதான் சேர்த்தேன். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா அந்த கிளவுஸ் யாருக்கு?"

ஜான்சி குனிந்து பாட்டில் மூடிகளைப் பொறுக்குவதுபோல் பாவனை செய்தாள்.

ரோஹிணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்துவதற்கு மிகவும் கஷ்டப்பட்டாள். "நான் உன்னைக் கடையை மூடச் சொல்லலை. இதுல தப்பான பொருள் இருக்குன்னும் சொல்லலை. ஒரே ஒரு வரி. 'இதில் அமிலம் உள்ளது, பிளீச்சிங் பவுடருடன் கலக்காதீர்கள்.' லேபிள்ல அதைப் போடு. அந்த வீடியோவை எடு. இவளுக்கு கிளவுஸ் குடு."

"அமிலம்னு போட்டா யார் மன்னி வாங்குவா? கடையில விக்கற ஆசிட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பா."

"கேக்கட்டுமே. கேட்டா பதில் சொல்லு."

"நீங்க ஆபீசுக்குப் போய் மாசச் சம்பளம் வாங்கறவா. ஒரு தொழிலை ஒண்ணுமில்லாததிலேருந்து கொண்டு வர்றது என்னன்னு உங்களுக்குத் தெரியாது." சின்மயி ஒரு டிரம்மின் மூடியை அழுத்திச் சாத்தினாள். "அப்பாவே ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கு என்ன வந்தது?"

இந்தக் கேள்விதான் ரோஹிணியை வீடுவரை துரத்தியது. எனக்கு என்ன வந்தது? மூச்சு இழுக்க முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவரை இழுத்து வந்தவள் நான். எனக்கு என்ன வந்தது என்கிறாள்.

அவள் வீடு சேர்வதற்குள் போன் வந்துவிட்டது போலும். பிரணவ் ஹாலில் காத்திருந்தான். தங்கை அழுததாகச் சொன்னான். வேலைக்காரப் பெண் முன்னால் அவளைக் கேவலப்படுத்தியதாகச் சொன்னான். "பெரிய கம்பெனிக்காரன் எவ்வளவோ விஷத்தை விக்கறான். அவனை யாரும் கேக்கறதில்லை. வீட்ல உக்காந்து ஒரு பொண்ணு கஷ்டப்பட்டு ஏதோ பண்ணா, அவளைப் போய் நோண்டறே."

"அந்தக் கம்பெனிக்காரன் ஆசிட்னு போட்டு, மண்டையோடு படம் போட்டு விக்கறான் பிரணவ். பார்த்தா பயம் வருது. பயந்து தள்ளி வெக்கறோம். இவ இலை படம் போட்டு, குழந்தை பக்கத்துல வெக்கச் சொல்றா. எது மோசம்னு நீயே சொல்லு."

"குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம்."

"உங்கப்பா மூஞ்சியைக் காட்டி ஊருக்கே வித்துண்டிருக்கா. இதுல குடும்பம் எங்க இருக்கு?"

அவன் சட்டென்று உள்ளறைப் பக்கம் பார்த்தான். "மெல்லப் பேசு. அப்பாவுக்கு அந்த வீடியோ தெரியாது. காட்டாதே. தாங்கமாட்டார்."

அந்த நிமிஷம் வரை அவரிடம் காட்டுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. தாங்கமாட்டார் என்று சொல்லி எல்லோரும் சேர்ந்து அவர் முகத்தை அவருக்கே மறைக்கிறார்கள் என்று தோன்றியதும் எண்ணம் வந்தது. கனகவல்லியிடம் அந்த வீடியோவை அனுப்பச் சொல்லி வாங்கினாள். உள்ளே போனாள். பிரணவ் பின்னாலேயே வந்து, "வேண்டாம் ரோஹிணி" என்று கையைப் பிடித்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

தோத்தாத்ரி சாய்வு நாற்காலியில் இருந்தார். இப்போதெல்லாம் படுத்தால் இருமல் வருவதால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொபைலை வாங்கினார். முதல் முறை முழுவதும் பார்த்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். இரண்டாம் முறை கீழே எழுதியிருந்தவற்றையும் படித்தார். உதடு அசைய, ஒவ்வொன்றாக.

"கைக்குழந்தை இருக்காமே" என்றார். "இந்தப் பொண்ணு எழுதியிருக்கே."

ரோஹிணி தலையசைத்தாள்.

"அவாத்துலயும் பிளீச்சிங் இருக்கும் இல்லையா?"

"இருக்கும்ப்பா. இல்லாத வீடு ஏது?"

அவர் மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிரணவ் அவளோடு பேசுவதை நிறுத்தினான். சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். ரோஹிணியும் போய்ச் சமாதானம் பேசவில்லை. நியாயம் கேட்டதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் சேலையூரில் ஒரு பெரிய குடியிருப்பு வளாகத்தில் ஞாயிறு சந்தை. சிறுதானியம், மரச்செக்கு எண்ணெய், பனங்கற்கண்டு என்று வரிசையாக மேஜை போடுவார்கள். இலைத்துளிக்கும் ஒரு மேஜை உண்டு. காலையில் தோத்தாத்ரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "என்னை அங்க கூட்டிண்டு போறியா?" என்று ரோஹிணியிடம் கேட்டார். மகளைப் பார்க்க ஆசைப்படுகிறார், ராசியாகப் போகலாம் என்று நினைக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். மனசுக்குள் கசப்பாக இருந்தாலும் ஆட்டோ வரவழைத்தாள்.

சின்மயி அப்பாவைக் கண்டதும் ஓடி வந்தாள். அவருக்கு நாற்காலி போட்டாள். பக்கத்து மேஜைக்காரர்களிடம், "இவர்தான் எங்கப்பா" என்று சொன்னாள். வீடியோ பார்த்திருந்த இரண்டு மூன்று பெண்கள் வந்து நலம் விசாரித்தார்கள். அவர் கை கூப்பினார். ஒரு பெண் தோளில் தூங்குகிற குழந்தையோடு வந்து குளியலறை பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

தோத்தாத்ரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "அம்மா, ஒரு நிமிஷம்" என்றார். குரல் இன்னும் கரகரவென்றுதான் வந்தது. "இதுல ஆசிட் இருக்கு. பிளீச்சிங் பவுடரோட சேர்க்காதீங்கோ. நான் சேர்த்தேன். அதனாலதான் ஆஸ்பத்திரியில கிடந்தேன்."

அந்தப் பெண் அவரையும் சின்மயியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா மேடம் வீடியோல கெமிக்கலாலன்னு..."

"ரெண்டும் சேர்ந்துதான்மா. இது மட்டும்னா கறை போகும். கதவைத் திறந்து வெச்சுண்டு, கையில உறை போட்டுண்டு கழுவுங்கோ. குழந்தைக்கு எட்டாத இடத்துல வையுங்கோ."

அவள் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்தவரிடமும் அவர் அதையே சொன்னார். அதற்கடுத்தவரிடமும். குரலை உயர்த்தவில்லை, குறை சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நின்று ரயில் நேரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் கேட்டுவிட்டு, தலையாட்டி, வாங்கிக்கொண்டும் போனார்கள். பலர் வாங்காமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சின்மயிக்கு முகம் கறுத்துவிட்டது. மேஜைக்குப் பின்னால் வந்து அடிக்குரலில், "அப்பா, என்னை எதுக்கு இப்படி அவமானப்படுத்தறேள்? மன்னி சொல்லிக் குடுத்தாளா?" என்றாள்.

"அவ ஒண்ணும் சொல்லலை. நான் இங்க வரேன்னது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்." அவருக்கு இருமல் வந்தது. அடங்கும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட உனக்காகப் பொய் சொன்னேன் சின்னு. என் உயிர், நான் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீ அந்தப் பொய்யை எடுத்துண்டு போய் மத்தவாளுக்கு வித்துட்டே."

சின்மயி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ரோஹிணிக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஜான்சியின் விரல்கள் நினைவுக்கு வந்ததும் அந்தப் பாவம் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே வீடியோ போய்விட்டது. ஏன் எடுத்தாள் என்று யாருக்கும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. பிரணவ் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தான், முதலில் பால் பாக்கெட் பற்றி, பிறகு மற்றவை பற்றி. அப்பாவை நுரையீரல் டாக்டரிடம் அவன்தான் அழைத்துப் போனான். வீட்டு மாடிப்படியை அவரால் இப்போது ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை. பாதியில் நின்றுதான் ஏறுகிறார். இது முழுவதும் சரியாகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

ஜான்சி வேலையை விட்டுவிட்டாள். ரோஹிணி அவளைத் தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் காட்டினாள். அப்போது, "இப்ப கிளவுஸ் வாங்கி வெச்சிருக்காங்களாம், கூப்டுறாங்க. நா போவலக்கா. எரிஞ்ச அப்போ ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாள். பம்மலிலேயே ஒரு தையல் யூனிட்டில் பட்டன் வைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. கை ஆறிக்கொண்டு வருகிறது.

இரண்டு மாதம் கழித்து இலைத்துளியின் புது பாட்டில் எதிர் வீட்டில் இருப்பதை ரோஹிணி பார்த்தாள். குளியலறைத் திரவத்தின் பின்பக்கம், அன்புடன் சின்மயிக்கும் கீழே, அந்த வரி இருந்தது. பச்சைத் தாளில் வெளிர்பச்சை எழுத்து. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. பக்கத்தில் தரை துடைக்கிற பாட்டிலும் இருந்தது. அதிலும் அதே எலுமிச்சை உப்புதான், அதே டிரம்தான். அதில் அந்த வரி இல்லை. முன்பக்கத்தில் 'குழந்தை தவழும் வீட்டுக்கும் பாதுகாப்பானது' மட்டும் அப்படியே இருந்தது.

தன் எண்ணைச் சின்மயி எடுப்பதில்லை என்பதால் ரோஹிணி வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டாள். சின்மயி எடுத்தாள்.

"எழுத்து கண்ணுக்குத் தெரியலை. கறுப்புல பெருசாப் போடு. தரை துடைக்கிறதுலயும் போடு."

"டிசைனர்கிட்ட சொல்லிப் பாக்கறேன் மன்னி."

"பாக்க வேண்டாம் சின்மயி. போடு. அடுத்த பாட்டில்ல இல்லைன்னா, அடுத்த சந்தையில நான் நாற்காலி போட்டுண்டு உக்காருவேன்."

சொல்லிவிட்டு வைத்தாள்.